நிமிடம் சொன்ன குரல்

இரவு எட்டேகால். கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோடு. மழை. சுக்கு, மிளகுக் கிடங்குகளெல்லாம் அடைத்தாகிவிட்டது. ரோட்டில் ஒரு ஆள் இல்லை...

கரண்ட் வரும்வரை சொல்கிறேன், நெருங்கி உட்காருங்கள். என் நண்பர் பாலையாவின் மகள் இசக்கிசெல்விக்கு நடந்தது இது. ஊர் வேறு மாதிரி பேசுகிறது. அவர்கள் தலைநிமிர்ந்து வாழ்ந்த குடும்பம். அதனால் நடந்ததை நடந்தபடியே கேளுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர். பழைய கேமராவில் பிலிம் போட்டுப் படமெடுத்து, தாங்களே கழுவுவார்கள். அதற்கு ஒரு காலிக் கிடங்கின் உள்ளறை. சன்னல் இல்லை, ஒரே கதவு. கழுவும்போது பொட்டு வெளிச்சம் பட்டாலும் படம் போய்விடும். கைபேசிகூட உள்ளே ஆகாது. ஆகவே அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. யாரும் தெரியாமல் திறந்துவிடாதபடி வெளியே பூட்டு. சாவி வைத்திருப்பவன் கதவோரம் நின்று நிமிடம் சொல்ல வேண்டும். நகரவே கூடாது.

மழை பெய்த அந்த இரவில் உள்ளே இசக்கிசெல்வி. சாவி சிஜுவிடம்.

"விட்டுட்டுப் போயிராதடா. எனக்கு இருட்டுன்னா ஆவாது."

"ஒம்பது நிமிஷம்தானே? இங்கதான் நிப்பேன்."

"இவளைப் பேய்கூடப் பிடிக்காது," என்று சிரித்தாள் மூன்றாமவள் சுனிதா.

சிஜு கதவைப் பூட்டி, "ஒண்ணு", "ரெண்டு" வரை சொன்னான். பிறகு அந்த இருவரும் சத்தமில்லாமல் சாயா குடிக்கப் போய்விட்டார்கள்.

அவளுக்குத் தெரியாது. கும்மிருட்டு. புளித்த மருந்து வாடை. பிலிமின் இரு முனையையும் பிடித்து மருந்துத் தட்டில் ஏற்றி இறக்குகிறாள். சளக்... சளக்... கதவுக்கு வெளியே சிஜுவின் குரல். "மூணு." ... "நாலு." ஒரு நிமிடம் தப்பவில்லை.

"எட்டு..."

திடீரென்று பூட்டு திறந்தது. வெளிச்சம். மூன்று வாரம் எடுத்த படமெல்லாம் ஒரு நொடியில் கருத்துப்போயிற்று. வாசலில் சிஜுவும் சுனிதாவும், நனைந்து, வெளிறி. உள்ளே அவளைத் தவிர யாருமில்லை.

மறுநாள் கல்லூரி முழுக்கப் பேச்சு. அவள் உள்ளே ஓர் ஆணோடு இருந்தாளாம். கதவுக்கு வெளியே நின்று அவன் குரலைக் கேட்டார்களாம்.

சொன்னது யார்? அந்த இருவர்தான்.

பாலையா சிஜுவை வீட்டுக்கு வரவழைத்தார். நானும் இருந்தேன்.

"பூட்டு வெளிய. சாவி ஒன் பையில. பெறவு எவன்லே உள்ள போனான்?"

"தெரியல்ல அங்கிள்... குரல் கேட்டது சத்தியம். உள்ளருந்துதான்."

"யாரு குரல்? எங்க குடும்ப மானம்லே. சொல்லு."

சிஜு பையிலிருந்து சாவியை எடுத்துத் தரையில் வைத்தான்.

"என் குரல்தான் அங்கிள்."

இசக்கிசெல்வி எழுந்துவிட்டாள். "ஒன் குரல்னு தெரிஞ்சுகிட்டேதான் என்னைப் பத்தி அப்படிச் சொன்னியா?"

அவன் அவளைப் பார்க்காமல் பாலையாவிடமே சொன்னான்.

"நாங்க திரும்பி வந்தப்ப உள்ள எட்டு சொல்லிச்சு. அப்புறம் நின்னுச்சு. கதவுக்கு அந்தப் பக்கம், கிட்டவே வந்து... 'வெளிய யாரு?'ன்னு கேட்டுச்சு."