எஞ்சின் அணைத்த இறக்கம்

டயரில் காற்றைக் காலையில், சூடேறுவதற்கு முன்பு பார்க்க வேண்டும் அய்யா. பலர் வண்டி ஓடி முடித்த பிறகு பார்க்கிறார்கள். அப்போது காட்டுகிற அளவு பொய்.

என் பெயர் சுந்தரலிங்கம். கூடலூரிலிருந்து குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிச் செல்ல ஜீப் வைத்திருக்கிறேன். எங்கள் ஸ்டாண்டில் மற்ற வண்டிகள் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டாது. என்னுடையது பதினேழு கொடுத்தது. ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் போட்டேன். பின்கதவை எடுத்தேன். டேங்க்கைப் பாதிக்கு மேல் நிரப்பியதில்லை. டீசலுக்கும் கனம் உண்டு. மலை இறங்கும்போது கியரை நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்துவிடும்படி டிரைவர் செல்வினிடம் சொல்லியிருந்தேன். வண்டி தன் பாரத்திலேயே அடிவாரத்து லோயர் கேம்ப் வரை வந்துவிடும். ஸ்டாண்டில் என்னை 'மைலேஜ்' என்றே கூப்பிட்டார்கள். கேலிதான். எனக்குப் பிடித்திருந்தது.

பதினேழுக்கு மேல் ஏறவில்லை. சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தேன். சீக்கிரமே நின்றது. பிரேக் கட்டை டிரம்மில் லேசாக உரசிக்கொண்டிருந்தது. எல்லா வண்டியிலும் அப்படித்தான். ஆனால் அந்த உரசலுக்கும் டீசல்தானே செலவாகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு சக்கரத்திலும் கட்டையைத் தளர்த்தினேன். பிறகு சுற்றிவிட்டால் சைக்கிள் சக்கரம் போல ஓடியது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்வினிடம் சொல்லவில்லை. சொன்னால் திரும்ப இறுக்கிவிடுவான்.

மறுநாள் பள்ளி விடுமுறை. என் மகள் திரிஷாவுக்கு எட்டு வயது. குமுளி பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்ததால் அவளோடு நானும் ஜீப்பில் போனேன். ஏற்றத்தில் பிரேக்குக்கு அதிக வேலை இல்லை. சாயங்காலம் பெண்கள் ஏறி உட்கார்ந்த பிறகு செல்வின் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணே, பெடல் அடிவரைக்கும் போகுது. ஒர்க்‌ஷாப்புல காட்டிட்டு இறங்குவமா?"

"ரெண்டு மூணு தடவ அமுக்குனா பிடிக்கும். அவுக வீடு போய்ச் சேர வேணாமா?" என்றேன்.

முன்சீட்டிலிருந்த பொன்னாத்தாள், "இன்னைக்காச்சும் எஞ்சின அணைக்காம ஓட்டச் சொல்லுப்பா. பின்னால பொம்பளைக பயப்படுறாக" என்றாள். செல்வின் என்னைப் பார்த்தான். வழக்கம்போலவே போ என்று சொன்னேன்.

எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்கு அதன் உதவி கிடைக்கும். அணைத்தால் காலின் பலம் மட்டும்தான். தளர்ந்த கட்டைக்கு அது போதாது. இத்தனை வருடம் வண்டி வைத்திருப்பவனுக்கு இது தெரியாமல் இருக்காது.

ஜீப் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. செல்வின் போய்விட்டான். பொன்னாத்தாளும் இன்னும் மூன்று பெண்களும் போய்விட்டார்கள். கூட வந்த சகாயராணி பிழைத்துக்கொண்டாள், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்கிறார்கள். கடைசிவரை செல்வின் எஞ்சினைத் திரும்பப் போடப் பார்த்தான் என்று அவள்தான் சொன்னாள். பதறாமல் கியரில் விட்டிருந்தால் நின்றிருக்கும். அதை அவன்மேல் குற்றமாக நான் சொல்லவில்லை.

யாரையும் கொல்ல நினைக்கவில்லை அய்யா. வண்டி பத்திரமாக இறங்கிவிடும் என்று முழுதாக நம்பினேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நேரத்தில் திரிஷாவை ஜீப்பிலிருந்து இறக்கி, ஏன் பஸ்ஸில் கூட்டி வந்தாய் என்று கேட்கிறீர்கள். பாரத்தைக் குறைக்கத்தான். பிள்ளை பொன்னாத்தாள் மடியில் உட்கார்ந்திருந்தாள். தூக்கி இறக்கினேன். கனமே தெரியவில்லை.