சம்பளத்தோடு பத்து நாள்

மெல்பேர்னில் மனைவிமீது என்னைவிட அக்கறை கொண்ட கணவன் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆபீசர். நீங்கள் எழுதிக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

ஹம்சா ட்ருகனினாவில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தாள். காலையில் இறக்கிவிடுவேன், மாலையில் ஏற்றிக்கொள்வேன். நடுவில் நான்கைந்து முறை போன் செய்வேன். எடுக்காவிட்டால் பதறிப்போவேன். பதறினால் அவள்மேல் கை நீண்டுவிடும். உடம்பு வாகு அப்படி.

பொங்கலன்று நண்பன் ஜெகதீஷ் வீட்டில் பேச்சு வந்தது. வீட்டில் அடி வாங்குகிறவர்களுக்கு இந்த நாட்டில் வருஷத்துக்குப் பத்து நாள் சம்பளத்தோடு லீவாம்.

"அப்போ ஹம்சா, நீயும் போட்டுடு. பாலிக்குப் போயிட்டு வரலாம்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "வெட்கமில்லாம இதையெல்லாம் எவன்டா போய்க் கேப்பான்?" என்றும் கேட்டேன்.

ஹம்சா பாயசக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு லீவு இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

அதன்பின் வந்த அவளுடைய சம்பளச் சீட்டில், அந்த பேஸ்லிப்பில், எல்லா நாளும் வேலைக்குப் போனதாகத்தான் இருந்தது. அவள் எடுத்த அந்த லீவை அதில் காட்டக் கூடாதாம், சட்டம். கட்டிய புருஷனிடமே அரசாங்கம் பொய் சொல்கிறது. மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, கிடங்கு வாசலில் நான் இறக்கிவிட்டவள் மாலையில் வெளியே வரவில்லை.

அவளுடைய மேனேஜர் பிரதீப்குமாரைக் கூப்பிட்டேன்.

"காலையில உள்ள வந்தாளா? அதை மட்டும் சொல்லுங்க."

"அதையும் சொல்ல முடியாது சார்."

பிறகு கோர்ட் உத்தரவு வந்தது. அவளிடமிருந்து இருநூறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் எப்படித் தள்ளி இருப்பது? அவள் கம்பெனிக்கு ஆறு கிடங்குகள்; ஏதோ ஒன்றுக்கு மாற்றியிருப்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்க்க வேலைநாள் வேண்டும். என் விடுப்போ தீர்ந்திருந்தது.

எங்கள் அலுவலகத்தில் லீவு விஷயம் பார்ப்பவர் சிவாஜினி, யாழ்ப்பாணத்துப் பெண். நான் தலை குனிந்து அந்தப் பத்து நாள் லீவைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதில இருங்கோ அண்ணா. இண்டைக்கு வீட்ட போகப் பயமா இருக்கே?"

"கொஞ்சம்," என்றேன்.

"பேஸ்லிப்பில ஒண்டும் வராது. உங்கட மனுசிக்குத் தெரிய வராது."

நல்ல சட்டம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லீவின் நான்காம் நாள் நோபல் பார்க் கிடங்கில் ஹம்சாவைப் பார்த்தேன். பேசத்தான் போனேன். அவள் மாடிப்படியில் ஏறி ஓடினாள். மேல்படியில் பிடித்தேன். படி ஈரமாக இருந்தது. வேண்டாம், தள்ளினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். மறைக்க என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் அவள் கண் விழிக்கும்போது பக்கத்தில் ஆள் வேண்டும். எனக்கு இன்னும் ஆறு நாள் லீவு மிச்சம் இருக்கிறது. சிவாஜினிக்கு இரண்டு வரி அனுப்ப வேண்டும், போனைக் கொஞ்சம் தருகிறீர்களா?