திரும்பிப் பார்க்காத பொருட்கள்

கடையில் பொருள் வாங்க எனக்கு வராது, இன்ஸ்பெக்டர் மேடம். கத்தரிக்காய் வாங்க அனுப்பினால், மூலையில் ஒதுக்கிப் போட்ட சொத்தையைப் பொறுக்கி வருகிறேன் என்று என் மனைவி காமாக்ஷி தலையில் அடித்துக்கொள்வாள்.

கிடைத்த சாமான்களை ஒன்றோடொன்று இணைத்துச் சிற்பமாக்குவது என் தொழில். சென்னையில் அதைக் கலை என்கிறார்கள். பாளையங்கோட்டையில் என் தெருக்காரர்கள், "பழைய இரும்புக் கடைக்காரர் வீடா? அந்தா இருக்கு" என்று வழி சொல்லுகிறார்கள். இரண்டுமே மரியாதைதான்.

எனக்கு ஒரு விதி உண்டு. நம் ஆற்றில் பரிகாரம் செய்து முழுகுகிறவர்கள் உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். பார்த்தால் விட்ட பாவம் கூடவே வந்துவிடுமாம். என் கணக்கும் அதுதான். உரியவர் திரும்பிப் பார்க்காமல் போன பொருள் எனக்கு. பார்த்துவிட்டால், தங்கமே ஆனாலும் தொடமாட்டேன். பதினெட்டு வருஷமாக இதில் பிசகியதில்லை. பேட்டிகளிலும் சொல்லியிருக்கிறேன்.

எஸ்றா என் வெல்டர். நான் பொறுக்கி வருவதைப் பற்றவைத்து நிறுத்துவது அவர்தான். பிறவியிலேயே இடது கால் குட்டை. லாரி டயரை நாலு அடுக்காக வெட்டி, ஆணி அறைந்து, அந்தக் காலுக்குத் தானே செருப்பு செய்து வைத்திருந்தார். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாய்விட்டே கேட்டேன்.

"இதையும் உம்ம பொம்மையில ஒட்டிட்டு நான் நொண்டியடிக்கவா வே? செத்தபொறவு எடுத்துக்கிடும்" என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். ஆனாலும் வாக்கு வாக்குதானே.

போன வருஷம் முக்கூடலுக்குக் கீழே ஒரு தகரப் பலகை கண்ணில் பட்டது. மணல் அள்ளிய பள்ளம் ஒன்று ஆற்றுக்குள் ஆளை விழுங்கும் கசமாகிக் கிடந்தது. ‘ஆழம். இறங்காதே’ என்று ஊர்க்காரர்கள் எழுதி நட்டிருந்தார்கள். எழுத்தில் துரு இறங்கியிருந்த அழகு இருக்கிறதே, அடடா. நட்டவர் யாராவது வந்து பார்க்கிறாரா என்று நாலு நாள் காத்திருந்தேன். வரவில்லை. பிடுங்கிக்கொண்டேன்.

"இது எங்கன கெடச்சுது?" என்று எஸ்றா கேட்டார்.

"ஆத்தோட வந்துச்சு" என்றேன். அவர் கையாலேயே பற்றவைத்தார். சென்னையில் அதற்கு விருது கிடைத்தது.

இந்தச் சித்திரையில் சாமான் தேடி இருவரும் அதே கரைக்குப் போனோம். நல்ல வெயில். "ஒரு முங்கு போட்டுட்டு வாறேன்" என்றார். செருப்பைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்தார்.

"பாத்துக்கிடும் வே. நீரு கண்ணு வச்ச சாமானாச்சே" என்று சிரித்தார். பிறகு கெந்திக் கெந்தி இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கன போகாதேயும் என்று சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் பலகையின் கதையையும் சொல்லவேண்டும். நல்ல சிநேகிதரிடம் பொய்யன் என்று பெயர் வாங்க யாருக்குத்தான் பிடிக்கும்? மேலும் அந்தச் செருப்பைக் கால் இல்லாமல் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கண்ணை எடுக்க முடியவில்லை. எனக்கு நீச்சல் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் மனைவி ஜெபகனி, "செருப்பில்லாம எப்படி நடப்பாவ அண்ணாச்சி? பெட்டிக்குள்ள வைக்கணும், எங்கன இருக்கு?" என்று என் கையைப் பிடித்து அழுதாள். ஆறு கொண்டுபோய்விட்டது என்றேன். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. வெறுங்காலோடுதான் அடக்கம் செய்தார்கள்.

போன வாரம் பத்திரிகையில் என் புதுச் சிற்பத்தின் படம் வந்தது. கட்டைவிரல் நகமளவு படத்தில் ஆணிகளை வைத்தே செருப்பை அடையாளம் கண்டு, ஜெபகனி உங்களிடம் வந்துவிட்டாள். என்ன கண் பாருங்கள். எந்த விமர்சகரும் என் வேலையை இத்தனை கூர்ந்து பார்த்ததில்லை.

திருட்டு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம். முங்கி முங்கி எழுந்தபோது எஸ்றா கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தது உண்மைதான். இரண்டு தடவை. ஆனால் அவர் பார்த்தது என்னை. செருப்பை அல்ல.