சத்தம் மட்டும் வந்த வண்டி

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்து இரண்டு. தொழில் கார் மெக்கானிக். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். கையெழுத்துப் போடுவேன், எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பொடி எழுத்தாக இருந்தால் விட்டுவிடுவேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அதன் மாடியில் நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகவே வந்தேன். நேற்றும் முந்தாநாளும்கூட இந்தக் காவல் நிலைய வாசல் வரை வந்து திரும்பிப் போனேன். வாசலில் நிற்கும் காவலர் அதற்குச் சாட்சி. "என்னய்யா, நடைப்பயிற்சியா?" என்று அவர் கேட்டார்.

இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருப்பவர் என் மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூலில் பதினேழு வருடமாக ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கடந்த வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நான்கு ரோட்டு சிக்னலில் பந்தயக்காரன் போலக் காரைப் பாய்ச்சி, ரொட்டி வேன் மோதக் காரணமாக இருந்தார் என்றும், அதில் வேன் டிரைவருக்குக் கை முறிந்தது என்றும் வழக்கு. இது உறுதியானால் கற்றுக்கொடுக்கும் லைசென்ஸ் பறிபோகும். புதன்கிழமை அதற்கான விசாரணை. அவருக்கு வேறு தொழில் தெரியாது. அதனால் வந்தேன்.

அவன் என்றுதான் நான் சொல்கிறேன், எழுத்தர் அவர் என்று எழுதிக்கொள்கிறார். அப்படியே இருக்கட்டும்.

அவரை நான் 'முப்பது' என்று கூப்பிடுவேன். ஊருக்குள் அவர் வண்டியில் வேக முள் முப்பதைத் தாண்டாது. அப்படிப்பட்டவர் நான்கு வருடத்துக்கு முன் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். இரண்டு கதவு, தரையோடு படுத்த உடம்பு, டர்போ வைத்த எஞ்சின். சின்ன வயதிலிருந்து ஆசையாம். வாங்கிய அன்றே, "சிங்கத்தப் புடிச்சுட்டு வந்து புல்லுக்கட்டு போடப் போறியே மாப்ள" என்றேன். அதற்குப் பிறகு நான்கு வருடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருமுறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, "சைக்கிள்காரன் பெல் அடிக்கிறான், வழி விடு மாப்ள" என்றேன். "அவருக்கு அவசரம் மாமா, போகட்டும்" என்று நிஜமாகவே ஒதுங்கி வழி விட்டார்.

வண்டிப் பராமரிப்புக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக் கழற்றிப் பார்த்த நாள், ஞாயிறு காலை டயர் சூடாவதற்கு முன் பிடித்த காற்று, எல்லாம் தேதியோடு இருக்கும். வண்டியை நிறுத்தினால் டர்போ ஆறட்டும் என்று ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுத்தான் அணைப்பார். "முப்பதுல வந்ததுக்கு என்ன சூடுடா ஏறியிருக்கும்? அதுக்குக் குளிரே விட்டிருக்காது" என்பேன். "கைப்புத்தகத்துல போட்டிருக்கு மாமா" என்பார். இதெல்லாம் வழக்குக்குத் தேவையா என்று அதிகாரி கேட்டார். தேவை. அந்த நோட்டுதான் இப்போது அவரைப் பொய்யன் ஆக்கியிருக்கிறது.

அதன் பிறகு ஏர் ஃபில்டர் விஷயம். கம்பெனி வைத்துக்கொடுத்தது காகித ஃபில்டர், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும். தூசியை நன்றாகப் பிடிக்கும், அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போட வேண்டும். இன்னொரு வகை பருத்தித் துணியில் செய்தது, கூம்பு மாதிரி இருக்கும். பெட்டி கிடையாது, எஞ்சின் அறையில் திறந்தபடி உட்காரும். கழுவி, காயவைத்து, அளவாக எண்ணெய் தடவி மறுபடி போடலாம். காற்று தாராளமாகப் போகும் என்று பையன்கள் அதைக் கேட்பார்கள். உண்மையில் அவர்கள் கேட்பது சத்தத்தை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் புலி உறுமுகிற மாதிரி இருக்கும். ஆனால் பெட்டி இல்லாததால் எஞ்சினின் சூட்டுக் காற்றையே இழுக்கும், தூசியும் கொஞ்சம் கூடுதலாகவே உள்ளே போகும். இருந்தும் இந்தக் கூம்பைப் போடச் சொல்லி அவரைப் பலமுறை கேலி செய்திருக்கிறேன்.

"கூம்பு போட்டுப் பாரு மாப்ள. ஒருநாளாவது தெரு திரும்பிப் பாக்கட்டும்."

"தெரு எதுக்கு மாமா பாக்கணும்? தூசி உள்ள போகக் கூடாது, அவ்வளவுதான். காகிதமே போதும்."

"மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுறவன் மாதிரி இருக்குடா உன் வண்டி."

"அது ஓடவே வேணாம் மாமா. நடக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை சர்வீசுக்கு விட்டுவிட்டுப் போனார். ஆயில் மாற்றினேன், பிளக் பார்த்தேன், பிரேக் கட்டை பார்த்தேன். வேறொரு வாடிக்கைக்காரர் வண்டியை விற்கும்போது கழற்றி விட்டுப்போன கூம்பு ஃபில்டர் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. கழுவினேன், வெயிலில் காயவைத்தேன், எண்ணெய் விட்டேன். எவ்வளவு விட வேண்டும் என்பது கூட இருந்த தாளில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் படிக்கவில்லை. இந்த மாதிரி ஃபில்டர்களைப் பையன்கள் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், என்னிடம் எண்ணெய் போட வருவதில்லை. தலைக்கு வைக்கிற மாதிரி தாராளமாக வைத்தேன். அதன் பிறகு பெட்டியைக் காகித ஃபில்டரோடு கழற்றி எடுத்துவிட்டு, கூம்பைப் பொருத்தினேன். அவர் மிதிப்பார், வண்டி உறுமும், பதறிக்கொண்டு என்னிடம் ஓடி வருவார், வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் பழையதை மாட்டிக் கொடுப்பேன் என்பதுதான் என் எண்ணம். வேறு கெட்ட எண்ணம் இல்லை.

சாயங்காலம் வந்து நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆயில் சொன்னேன், எழுதினார். பிளக் சொன்னேன், எழுதினார். "ஏர் ஃபில்டர்?" என்றார். "பழையபடி இருக்கு மாப்ள" என்றேன். அதையும் எழுதினார். வேறு யார் வேலை பார்த்திருந்தாலும் பானெட்டைத் திறந்து பார்த்திருப்பார். நான் சொன்னதால் பார்க்கவில்லை.

நான் மறந்துபோன ஒன்று, அவர் மிதிக்கவே மாட்டார் என்பது. சத்தமே வரவில்லை. வியாழக்கிழமை போன் செய்தார். "மாமா, வண்டி இழுக்க மாட்டேங்குது. மூச்சுத் திணறுற மாதிரி இருக்கு" என்றார். "முப்பதுலயே ஓட்டினா அதுக்குத் தூக்கம்தான்டா வரும்" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு உறைத்தது. ஃபில்டருக்குப் பின்னால் குழாயில் காற்றை அளக்கிற சென்சார் இருக்கிறது. எண்ணெய் அதிகமானால் போய் அதன் மேல் படியும், அது தப்பாக அளக்கும், எஞ்சின் திணறும். எனக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

இந்த இடத்தில் எழுந்து நின்றேன். அதிகாரி உட்காரச் சொன்னார். தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை என் மனைவியிடம் அவர் சொன்னபடி சொல்கிறேன். பச்சை விழுந்து வண்டியை எடுத்திருக்கிறார். நடு ரோட்டில் எஞ்சின் தொண்டை அடைத்து நின்றுவிடப் பார்த்தது. அதற்குள் குறுக்கு ரோட்டுக்குப் பச்சை விழுந்துவிட்டது. எப்படியாவது ஒதுங்கிவிட வேண்டும் என்று, பதினேழு வருடத்தில் முதல்முறையாக ஆக்சிலரேட்டரை அடி வரை மிதித்தார். மிதித்தால் சத்தம் மட்டும் வந்தது, வண்டி வரவில்லை. குறுக்கே வந்த வேன் காரின் பின்பக்கத்தில் மோதியது. ரோடு முழுக்க ரொட்டி கிடந்ததாகவும், அவர் தன் வண்டியைப் பார்க்காமல் வேன் டிரைவரைத் தூக்க ஓடியதாகவும் வேன் டிரைவரே என்னிடம் சொன்னார். சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "நல்ல மனுஷன்தான், ஆனா என்னா சத்தம்!" என்றார். நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு காவல் நிலையத்தில் பானெட்டைத் திறந்தபோது கூம்பு ஃபில்டர் இருந்திருக்கிறது. நோட்டில் 'பழையபடி' என்று இருந்திருக்கிறது. வண்டியை மாற்றிக்கொண்டு நோட்டில் பொய் எழுதியதாக முடிவு செய்திருக்கிறார்கள். சர்வீஸ் செய்தது யார் என்று மூன்று தடவை கேட்டும், "குடும்பத்துல ஒருத்தர்" என்பதற்கு மேல் அவர் சொல்லவில்லை என்று இன்றைக்கு அதிகாரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூம்பைப் பார்த்த நிமிடமே அவருக்கு என் வேலை என்று புரிந்திருக்கும்.

வெள்ளியிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. என் ஸ்கூட்டரை மூன்று முறை கழற்றி மூன்று முறை மாட்டினேன், அதில் ஒரு கோளாறும் கிடையாது. கை கழுவிக்கொண்டே இருந்தேன். டிரைவிங் ஸ்கூலில் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அழுதாள். அப்போது, "நான்தான் பண்ணேன்" என்றேன். "இதுலயுமா விளையாட்டு? எந்திரிச்சுப் போங்க அந்தப் பக்கம்" என்றாள். சிரிக்கவே இல்லை என்று முகத்தைக் காட்டினேன். என் முகத்தை அவள் நம்பவில்லை. இன்று காலை ஒர்க்‌ஷாப் மேசைக்கு அடியிலிருந்து பழைய பெட்டியைக் காகித ஃபில்டரோடு எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். "போய்ச் சொல்லுங்க" என்றாள். அந்தப் பெட்டியை இங்கே ஒப்படைத்திருக்கிறேன்.

அதன் பிறகு, நான் சொன்னதைச் சோதிக்க அதிகாரி என்னை நிலையத்தின் பின் முற்றத்துக்கு அழைத்துப் போனார். கார் பின் சக்கரம் வளைந்து, ஓரடிகூட நகர முடியாமல் நின்றது. வாகன ஆய்வாளர் சென்சாரைக் கழற்றி விரலால் தொட்டார். விரலில் எண்ணெய் ஒட்டியது. கார் பறந்து வரக் கண்டதாகச் சொன்ன சாட்சி, சிக்னல் முனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், கையெழுத்துப் போட வந்து உட்கார்ந்திருந்தார். அவரைக் காரைப் பார்க்காதபடி சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்கள். ஆய்வாளர் சென்சாரைத் திரும்ப மாட்டி, காரை ஸ்டார்ட் செய்து மிதித்தார்.

"வேகம் எவ்வளவு இருக்கும்?" என்று அதிகாரி கேட்டார்.

"எண்பது. கூடவும் இருக்கலாம்" என்றார் சாட்சி.

அதன் பிறகு ஆய்வாளர் முன்னிலையில் நான் கூம்பைக் கழற்றிவிட்டுப் பழைய பெட்டியை மாட்டினேன். மறுபடி மிதித்தார்கள்.

"இது வேற வண்டி" என்றார் சாட்சி.

திரும்பிப் பார்க்கச் சொன்னார்கள். அவர் வளைந்த சக்கரத்தைப் பார்த்தார், காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார், பிறகு, "சத்தத்தக் கேட்டுத்தான் சார் திரும்பினேன். அப்பவே மோதிடுச்சு" என்றார். வேறு நாளாக இருந்தால், கண்ணாடி விற்கிறவர் காதால் பார்த்திருக்கிறார் என்று சொல்லியிருப்பேன். சொல்லவில்லை.

என் மைத்துனரையும் இன்று வரச் சொல்லியிருந்தார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளியிலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. இன்றும் பேசவில்லை.

கவனக்குறைவாக வேலை செய்ததற்கும், தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்கும் என் மேல் நடவடிக்கை வரும் என்று அதிகாரி விளக்கினார். புரிந்தது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். அந்த நோட்டில் நான்கு வருடமாக அவர் எழுதியது எல்லாம் உண்மை. 'ஏர் ஃபில்டர் பழையபடி' என்ற ஒரு வரி மட்டும் பொய், அது நான் சொன்னது. அந்த வரிக்குக் கீழே என் கையெழுத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்டேன். அதிகாரி யோசித்துவிட்டு, ஆய்வாளரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, நோட்டை வராந்தா மேசையில் வைத்து பேனாவைக் கொடுத்தார். கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். நிமிர்ந்தபோது என் மைத்துனர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"தேதியும் போடுங்க மாமா" என்றார்.

இன்று என்ன தேதி என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னார், நான் போட்டேன்.

இவ்வளவும் நான் சொன்னவை. எழுத்தர் மெதுவாகப் படித்துக் காட்டக் கேட்டேன். இரண்டு இடத்தில் அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதில் விளையாட்டுக்குச் சொன்னது ஒன்றும் இல்லை, முழுக்க உண்மை. கீழே கையெழுத்திட்டிருக்கிறேன். யாரையும் கேட்காமல் தேதியையும் நானே போட்டிருக்கிறேன்.

(கையெழுத்து)