இரு தரப்புக்கும் ஒரே வாக்கியம்

எனக்குப் பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது. கொண்டை ஊசி வளைவு என்றாலே வயிற்றைப் புரட்டும். கலசப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தும் ஐம்பது வயதுவரை நான் ஜவ்வாது மலை ஏறாததற்கு வேறு காரணம் கிடையாது. கல்பனா மேடம், விசாரணைக் குழுத் தலைவராக நீங்கள் முதலிலிருந்து சொல்லச் சொன்னதால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் சட்டக் கல்லூரியில் சர்வதேச நடுவர் தீர்ப்பு கற்பிக்கிறவன். இரண்டு நாட்டுக் கம்பெனிகள் மோதிக்கொண்டால் கோர்ட்டுக்குப் போகாமல், பொதுவான ஒருவரை நடுவராக உட்காரவைத்துத் தீர்த்துக்கொள்வார்களே, அது. பதினெட்டு வருடம் கற்பித்தும் என் கட்டுரையை வெளிநாட்டில் ஒருவரும் சீந்தவில்லை. அதனால் புதிதாக ஒன்று எழுதினேன். ஜவ்வாது மலை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக இதே முறையைக் கையாள்கிறார்கள், மூன்றாம் ஊர்க்காரர்தான் நடுவர், தோற்றவர் ஜெயித்தவருக்குச் சாமைச் சோறு போடவேண்டும் என்று. சாமைச் சோறு நானாகச் சேர்த்தது. மற்றதும் நானாகச் சேர்த்ததுதான்.

கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. ஜெனீவா போனேன், சிங்கப்பூர் போனேன். விமானத்தில் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. துறைத் தலைவரானேன். பிறகு ஸ்வீடனிலிருந்து ஒரு பேராசிரியை, மாசி மாதம் வருகிறேன், அந்த நடுவர் கூட்டத்தை நேரில் பார்க்கவேண்டும் என்று எழுதினார்.

ஆகவே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே மலையேறினேன். அங்கே சடையனும் சின்னராஜும் கிடைத்தார்கள். சடையனின் தங்கை கெங்கம்மாளைத்தான் சின்னராஜ் கட்டியிருந்தார். இருவர் நிலத்துக்கும் நடுவில் ஒரு புளியமரம். வருடாவருடம் சேர்ந்து உலுக்கி, கூடைக்குக் கூடை பிரித்துக்கொள்வார்கள். மரம் யாருடையது என்று கேட்டேன்.

“இன்னா சார் கேக்குறீங்க, அத்த நாங்க கேட்டுக்கினதே இல்லீங்களே” என்றார் சடையன்.

சண்டை போடுவதுபோல் நடிக்கச் சொன்னேன். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். மூன்று நாள் ஒத்திகை பார்த்தும் சிரிப்பு அடங்கவில்லை. விருந்தாளி வர ஒன்பது நாள்தான் இருந்தது.

அதனால் சடையனைத் தனியாக அழைத்து, மரம் அவர் நிலத்தில்தான் இருக்கிறது, சர்வே படத்தில் பார்த்தேன், சின்னராஜுக்கு இது ரொம்ப நாளாகவே தெரியும் என்று சொன்னேன். பிறகு சின்னராஜைத் தனியாக அழைத்து அதையே சொன்னேன், பெயரை மட்டும் மாற்றி. இரு தரப்பையும் சமமாக நடத்துவது எங்கள் துறையின் முதல் விதி. சர்வே படம் எதையும் நான் பார்க்கவில்லை.

கூட்டம் மிகச் சிறப்பாக நடந்தது. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து ஊர் தசரதன் நடுவராக இருந்து, மரம் சடையனுக்கு என்றார். சின்னராஜ் சாமைச் சோறு போட்டார். சடையன் தலை நிமிராமல் சாப்பிட்டார். ஸ்வீடன் பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் சின்னராஜ் மரத்தை வெட்டிச் சாய்த்தார். தடுக்கப்போன சடையனின் வலது கையில் கோடாரி பட்டு இரண்டு விரல் போயிற்று. அவர் மகனுக்கும் சின்னராஜின் மகளுக்கும் வைகாசியில் நடக்கவிருந்த கல்யாணம் நின்றது. கெங்கம்மாள் விசாரித்துக்கொண்டு கலசப்பாக்கத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“எங்கண்ணன் வூட்டுப் பக்கமே போவக்கூடாதுன்றாரு எங்கூட்டுக்காரரு, சார். நீங்க மலைக்கு வர்றதுக்கு மின்ன எங்களுக்கு இன்னாங்க கொறை இருந்திச்சி?”

உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். நல்ல கேள்வி. என் இரண்டாவது கட்டுரையில், தீர்ப்பை நிறைவேற்றுவதில் உள்ள சிக்கல்கள் என்ற பகுதிக்கு அதை அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன்.

இல்லாத வழக்கத்தை இருப்பதாக எழுதினேன் என்பது குழுவின் குற்றச்சாட்டு. அதை மறுக்கிறேன். எழுதியபோது இல்லைதான். இப்போது இருக்கிறது, தசரதனிடம் இதுவரை நான்கு வழக்கு வந்திருக்கிறது. மற்றபடி, அந்த இரண்டு குடும்பத்தையும் பிரித்தது நான்தான். யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

சந்தவாசல் பக்கம் இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே ஏரித் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுகிறார்களாம். ஒரு தகராறும் வந்ததே இல்லையாம். திங்கட்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். இத்தனை வருடமும் ஒரு நடுவர்கூட இல்லாமல் எப்படித்தான் சமாளித்தார்களோ, பாவம்.