ஒம்பது செகண்ட்ல தொறந்த படம்

இல்லம்மா, அந்த ஒம்பது செகண்டை நம்பாதீங்க. நானும் பாத்தேன், கைக்கடிகாரத்தை வச்சுத்தான் பாத்தேன். என் பென்டிரைவ்ல இருக்கற மூடி அச்சோட படம், உங்க கடையில இருக்கற இந்தச் சின்ன மெஷின்லயே ஒம்பது செகண்ட்ல தொறந்துருச்சு. அதனால இதுவே போதும், பெரிசு எதுக்குங்கறீங்க. வேற கடையா இருந்தா பெரிசைத்தான் தலையில கட்டப் பாப்பாங்க. நீங்க நல்ல மனசோட சொல்றீங்க. ஆனா எனக்குப் பெரிசுதான் வேணும்.

லிஸ்ட் இருக்கு, இருங்க. சட்டைப் பையில... கண்ணாடியை எங்க வச்சேன்? நெத்தியிலயா? சரி சரி, சிரிச்சுக்குங்க, பரவால்ல.

ஒண்ணு, பிராசசர். கோர் நெறைய இருக்கறது வேணாம். ஒத்தை கோரு வேகமா ஓடணும். எனக்கு எப்படித் தெரியுமா? ஆறாவதோட நின்னவன்தான், ஆனா பட்டறைக்காரன். ஓட்டை போட்ட பிறகுதானே அதுல மரை போட முடியும்? இருபது பேரை வரிசையா நிக்க வச்சாலும், ஒருத்தன் முடிச்சாத்தான் அடுத்தவன் தொடலாம். இந்தப் படமும் அப்படித்தான். ஒரு படி முடிஞ்சாத்தான் அடுத்த படி. தலை எண்ணிக்கை வேணாம், கைவேகம் வேணும்.

ரெண்டு, ரேம் அறுபத்து நாலு. மூணு, டிசைன் வேலைக்குன்னே சோதிச்சுப் பாத்துச் சான்று குடுத்த கிராபிக்ஸ் கார்டு. அது இல்லம்மா, அது விளையாடறவங்க வாங்கறது. கலர் கலரா லைட்டு எரியுது பாருங்க, சர்க்கஸ் கூடாரமாட்டம். நாலு, ரெண்டு திரை. ஒண்ணுல படம், இன்னொண்ணுல நான் அளந்து குடுக்கற அளவு.

ஏன்னு சொல்றேன். பிளாஸ்டிக் மூடி, டப்பா இதெல்லாம் வார்க்கறதுக்கு இரும்புல அச்சு செய்யற பட்டறை எங்களோடது. கடைசலும் அளவும் நான். கம்ப்யூட்டர்ல படம் வரையறது எங்க டிசைனர். பதினோரு வருஷமா அவருதான். இந்த மூடிப் படத்துல இருநூத்திப் பன்னெண்டு படி. மொதல்ல வட்டம், அப்புறம் சுவரு, அப்புறம் மரை, விளிம்புல பல்லுன்னு எல்லாம் இடது பக்கம் வரிசையா பேரோட நிக்கும். ஒரு படியில அளவை மாத்தினா மீதியெல்லாம் தானா மாறிக்கும். அதுதான் படத்தோட உசிரு. அத்தனையும் ஏறித் தொறக்க நாலு நிமிஷம் பத்து செகண்ட் ஆகும். தினமும் காலையில அவரு பின்னாடி நின்னு எண்ணுவேன். எனக்குப் பேச வராதும்மா. எண்ண வரும்.

போன வருஷக் கடைசியில ஒரு நாள், அதே பழைய மெஷின்ல, இருபத்திரெண்டு செகண்ட்ல தொறந்துச்சு. அடுத்த வாரம் டப்பாப் படம். அதுவும் அப்படியே. என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். தேவையில்லாததை எல்லாம் துடைச்சேன்னாரு. எனக்குன்னா அப்படி ஒரு சந்தோஷம். வாய்விட்டுப் பாராட்ட நமக்கு வராது. முதுகு வலிக்குதுன்னாரேன்னு புது நாற்காலி ஒண்ணு வாங்கிப் போட்டேன். அதுல சாஞ்சு உக்காந்துக்கிட்டேதான் நாலு மாசத்துல எல்லாப் படத்தையும் துடைச்சிருக்காரு.

ஆமாம்மா, படிகளைத்தான். வெறும் உருவத்தை மட்டும் விட்டுட்டாரு. சுத்திப் பாக்கலாம், பிரிண்ட் போடலாம். ஒரு அளவை மாத்த முடியாது. படியோட இருந்த ஒரிஜினலை எடுத்துக்கிட்டு எதிர்த் தெருவுல சொந்தமா கடை போட்டுட்டாரு. கூடவே இருந்து குழி பறிக்கறதும்பாங்க. பறிக்கறவருக்கு உக்கார நாற்காலியும் வாங்கிக் குடுத்தவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

எப்பத் தெரிஞ்சுதா? மூடிக் கம்பெனிக்காரங்க சுவரை அரை மில்லி கூட்டச் சொன்னாங்க. புதுசா வேலைக்கு வந்த டிசைனர் பொண்ணு படத்தைத் தொறந்தா. இடது பக்கம் ஒத்தை வரி. ஐயா, இதுல ஒண்ணுமே இல்லைங்களேங்குது அது. நான் பின்னாடி நின்னுக்கிட்டு, எவ்வளவு சீக்கிரம் தொறக்குது பாத்தியாம்மான்னு பெருமையடிச்சுக்கிட்டு இருக்கேன்.

வர்ற இருபத்தாறாம் தேதிக்குள்ள மாத்தின படம் குடுத்தாகணும். எங்களுக்கு இருந்த அஞ்சு கம்பெனியில நாலு ஏற்கெனவே எதிர்த் தெருவுக்குப் போயாச்சு. இதுவும் போச்சுன்னா நான் ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான். அதான், அச்சு இரும்பைப் பிரிச்சுப் போட்டு நான் அளந்து சொல்லச் சொல்ல, அந்தப் பொண்ணு மொத வட்டத்துலேர்ந்து வரையப் போகுது. இருநூத்திப் பன்னெண்டு படியும். அந்தக் கனத்தைத் தாங்கற மெஷின் வேணும். இப்ப நீங்க தொறந்து பாத்தது வெறும் கூடு. அதுக்கு எந்த மெஷினும் போதும்.

அவர்கிட்ட கேக்காம இருப்பேனா? போலீசு, வக்கீல்னு பட்டறையில ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எனக்கு அதெல்லாம் ஒத்து வராது. போன் போட்டேன். படமெல்லாம் என்ன ஆச்சுன்னு அது ஒண்ணுதான் கேட்டேன். அவன் பதறவே இல்லம்மா. நிதானமாச் சொன்னான். எல்லாம் அங்கதானே இருக்கு, முன்னூத்தி நாப்பது படமும், வேணும்னா எண்ணிப் பாத்துக்குங்க அப்பான்னான்.

எண்ணினேன். சரியாத்தான் இருந்துச்சு.

ம். மூத்தவன்.

தண்ணியெல்லாம் வேணாம்மா, நல்லாத்தான் இருக்கேன். நீங்க பில்லைப் போடுங்க. என் பேர்லயே போட்டுடுங்க, பட்டறைப் பேரு வேணாம். அது அவன் பொறந்தப்போ அவன் பேரையே வச்சது.