சப்ரியின் கலங்கள் இருந்த போத்தல்

ஜிந்துப்பிட்டி வீதி, கொழும்பு 13 இல் வசிக்கும் மாணவனும் 17 வயதினனுமாகிய முத்துலிங்கம் கிரிதரன் என்னும் நான், தகப்பனார் முன்னிலையில் தமிழில் கூறுவது:

வெள்ளவத்தை ஆய்வுகூடத்தில் காணாமற்போன போத்தலை எடுத்தவன் நானே. பொலிஸ் முறைப்பாட்டில் "கதிர்வீச்சுப் பொருள்" என எழுதியிருப்பது பிழை. அதிலிருந்தது சற்றுப் பாரமான காபன் சேர்ந்த குளுக்கோஸ். குடித்தால் இனிக்கும், இருட்டில் மினுங்காது. அதைத் தின்றுகொண்டிருந்தவை என் வகுப்புத் தோழன் சப்ரியின் இரத்தப் புற்றுநோய்க் கலங்கள், அதாவது செல்கள்.

சப்ரி மாளிகாவத்தை மாடிக்குடியிருப்பைச் சேர்ந்தவன். நாங்கள் இருவரும் பாடசாலையில் செய்தவை இதற்குச் சம்பந்தமில்லாதபடியால் கூறவில்லை, கேட்டால் கூறுவேன். மருந்து கேட்காமற்போனபோது அவனே விரும்பி ஆய்வுக்கு இரத்தம் கொடுத்தான். "டேய், என்ட செல்லுக்கு லெப்ல ரீலோட் போட்றாங்களாம்" என்று, கைத்தொலைபேசிக்குக் காசு போடுவதுபோலச் சொல்லிச் சிரித்தான். சென்ற மாதம் காலமானான்.

என் அக்கா சுபோதினி அவ்வாய்வுகூடத்தில் வேலை செய்கிறார். மருந்தை மீறிய கலங்கள் எதைத் தின்று உயிர்வாழ்ந்தன என்பது, அந்தப் பாரமான காபன் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் காந்தப் பரிவு இயந்திரத்தில் பார்த்தால் தெரியும். ஆஸ்பத்திரி வார்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு அது உதவும். உயிரோடு மிஞ்சியது அந்த ஒரு போத்தல் மட்டுமே.

சம்பவ தினம் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மறுநாள் கலங்களைக் குளிர் மெதனோலில் போடுவதாக அவர் கூறினார்.

"செத்துப்போகுமா?"

"ஓம்டா. அப்பிடியே நிப்பாட்டினாத்தான் என்ன செய்துகொண்டிருந்ததெண்டு தெரியும்."

அதன் பின்னர் அக்கா கைகழுவப் போன நேரம் போத்தலைச் சேட்டுக்குள் வைத்து, சூடு குறையாமல் கையால் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் மாளிகாவத்தைக்குச் சென்றேன். அவனுடைய தாயார் பஹ்மியா ஒருதடவை பார்க்கட்டும் என்பதே என் எண்ணம்.

அவர் இளஞ்சிவப்புத் தண்ணீரைப் பார்த்து, "என்ட மகன்ட உசிரு இதுக்குள்ள ஈக்கா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதன் பின்னர் மக்காவிலிருந்து வந்த புனித ஸம்ஸம் தண்ணீரை எடுத்துவந்து, "கடசி நேரம் ஒரு சொட்டு வாயில வெக்க ஐசீயூல உடவே இல்ல மகன். கொஞ்சம் தொறங்க" என்றார். திறக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். மூடியைத் திறந்தவன் நான். அவர் பிஸ்மி சொல்லி ஒரு சொட்டு விட்டார்.

அதன் பின்னர் அன்று பின்னேரமே போத்தலை அக்காவிடம் கொடுத்தேன். திறந்தாயா என்று கேட்டதற்கு இல்லை என்று பொய் சொன்னேன்.

மறுநாள் தண்ணீர் மஞ்சளாகிக் கலங்கியிருந்தது. அக்கா நிலத்தில் குந்திவிட்டார். "இனி மெஷினில வச்சாலும் கிருமி திண்டதைத்தான் காட்டும்டா. சப்ரியின்ர ஒண்டும் தெரியவராது" என்றார்.

நேற்றும் சப்ரியின் தாயார் தொலைபேசியில், "மெஷின் என்னத்த செல்லிச்சி மகன்?" என்று கேட்டார்.

இவ்வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அனைத்தும் உண்மை. சப்ரியின் உம்மாவுக்கு மட்டும் இதை வாசித்துக் காட்ட வேண்டாம்.

(ஒப்பம்) மு. கிரிதரன்